ஒரு சோறு பதம்

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று ஒரு பழமொழி உண்டு. அதை முதலில் சொன்ன பாட்டி இன்று இருந்து, 'ஆள் தேவை' விளம்பரங்களைப் படித்தால், "நான் விளையாட்டுக்கல்லவா சொன்னேன்?" என்று தலையில் அடித்துக்கொள்வாள். 'புதியவர்கள் விண்ணப்பிக்கலாம்' என்பது ஒரு வரி. 'இரண்டாண்டு அனுபவம் அவசியம்' என்பது அடுத்த வரி. வேலை கிடைத்தால்தான் அனுபவம். அனுபவம் இருந்தால்தான் வேலை. வாலிபன் எங்கே போவான்?

அவனுக்கு ஒரு புது உபதேசம் கிடைத்திருக்கிறது. "போர்ட்ஃபோலியோ தயார் பண்ணு" என்கிறார்கள். பழைய தலைமுறைக்கு அந்தச் சொல் மந்திரிகளின் இலாகாவைக் குறிக்கும். இலாகா இல்லாத மந்திரிகளை நாம் பார்த்திருக்கிறோம். பதவியைக் காணாமல் இலாகாவை மட்டும் தூக்கிக்கொண்டு அலைகிறவன் இந்தக் காலத்து வாலிபன். படம் போடுகிறவளின் படங்கள், கம்ப்யூட்டரில் நிரல் எழுதுகிறவனின் நிரல்கள், கட்டடம் வரைகிறவனின் வரைபடங்கள் – செய்த வேலையின் மாதிரிகளைத் திரட்டி வைப்பதற்குத்தான் அந்தப் பெயர்.

இந்த உபதேசத்தை நான் மறுக்கவில்லை. நம்முடைய மத்தியதர வீடுகளில் பீரோவுக்குள் பட்டுப்புடவையோடு பூட்டி வைக்கும் சர்ட்டிபிகேட் பைலைவிட இது மேலானது. சர்ட்டிபிகேட் 'இவன் படித்தான்' என்கிறது. மாதிரி 'இவன் செய்வான்' என்கிறது.

இதற்கு நம்மிடமே ஒரு சாட்சி உண்டு. கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுஜன் எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். எதைக் காட்டி வேலை கேட்பார்? அவரிடம் இருந்தவை கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள். 1910இல் அவற்றை எடுத்துக்கொண்டு, குமாஸ்தா வேலை கேட்டு, டெபுடி கலெக்டர் ராமஸ்வாமி ஐயரிடம் போனார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அந்த ஐயர். நோட்டுகளைப் புரட்டியவர், இந்த மனிதரை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார வைப்பது பாவம் என்று, சென்னையிலிருந்த கணித அன்பர்களிடம் அனுப்பி வைத்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவுக்கு முதலில் இதெல்லாம் சொந்தச் சரக்குதானா என்ற சந்தேகம். பேசிப் பார்த்துச் சந்தேகம் தெளிந்த பிறகு, மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதியபோதும், தமக்குப் பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று இராமானுஜன் ஒளிக்காமல் சொன்னார். சொல்லிவிட்டுத் தேற்றங்களை இணைத்தார்.

"அவர் மேதை, எங்கள் வீட்டுப் பையனுக்கு இதெல்லாம் ஆகுமா?" என்று கேட்பீர்கள். ஆகும். அம்மாவின் மளிகைக் கணக்கை ஒழுங்குபடுத்த ஒரு நிரல் எழுதட்டும். கண்ணைக் குத்தும் கோயில் திருவிழா நோட்டீஸை வாசிக்கிற மாதிரி அமைத்துப் பார்க்கட்டும். முப்பது வேண்டாம், மூன்று போதும். ஒவ்வொன்றின் கீழும், என்ன தொல்லை இருந்தது, என்ன செய்தேன், எது சரிப்படவில்லை என்று நாலு வரி எழுதட்டும். 'நானாக எடுத்துக்கொண்ட பயிற்சி' என்றும் எழுதட்டும்; அதில் வெட்கம் இல்லை. வெட்கம் எதில் என்றால், காசு கொடுத்துக் கடையில் வாங்கிய கடைசி வருஷத்துப் பிராஜெக்டைத் தன்னுடையது என்று காட்டுவதில்தான். ராமச்சந்திர ராவைப் போல ஒருவர் இரண்டாவது கேள்வி கேட்டால், அந்தச் சரக்கு நிற்காது.

வாலிபனுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். என் சண்டை அவனோடு அல்ல. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரோடு.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றார்கள் பெரியவர்கள். இன்று சில முதலாளிகள் பதம் பார்க்கிறேன் என்று பானையையே கவிழ்த்துக்கொண்டு போகிறார்கள். "உன் திறமையைப் பார்க்க வேண்டும், எங்கள் புதுச் சரக்குக்கு முழு விளம்பரமும் செய்து கொண்டு வா" என்கிறார்கள். பத்துப் பேரிடம் பத்து வேலை. பத்துப் பேரும் ராத்திரி கண் விழித்துச் செய்து கொடுக்கிறார்கள். பிறகு பதில் இல்லை. பரீட்சை என்று பெயர் வைத்தால், கூலி தராமல் வேலை வாங்குவது தர்மமாகிவிடுமா?

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், படைப்பின் உரிமையை ஒருவர் மாற்றித் தருவதானால் அவர் கையெழுத்திட்ட எழுத்துப் பத்திரம் வேண்டும் என்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், ஒப்பந்தத்தின்படி சேர்ந்த பழகுநருக்கு மாதாமாதம் உதவித்தொகை தர வேண்டும் என்கிறது. கற்றுக்கொள்கிறவனுக்கே கொடு என்று சட்டம் சொல்லும் நாட்டில், செய்து கொடுத்தவனிடம் "அனுபவம் கிடைத்ததே!" என்கிறார்கள். அனுபவத்தைக் கொடுத்தால் எந்த அண்ணாச்சி கடையில் அரிசி அளப்பார்கள்?

இன்னொன்றையும் யோசியுங்கள். ஆறு மாதம் சும்மா உழைக்க யாரால் முடியும்? அப்பாவின் பென்ஷன் வருகிற வீட்டுப் பையனால் முடியும். விதவைத் தாயின் தையல் மிஷினை நம்பியிருக்கும் பெண்ணால் முடியாது. இலவச உழைப்பை வாசற்படியாகக் கட்டினால், உள்ளே வருகிறவர்கள் திறமைசாலிகளாக இருக்க வேண்டிய அவசியமில்லை. பசி தாங்க வசதியுள்ளவர்களாக இருந்தால் போதும். திறமைக்கு மதிப்பு என்று சொல்லிக்கொண்டு செல்வத்துக்குக் கதவு திறக்கிற வேலை இது.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் பெண் ராத்திரியில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எதையோ வரைந்துகொண்டிருந்தால், வெட்டி வேலை என்று விளக்கை அணைக்காதீர்கள். முதலாளிகளே, அவள் கொண்டுவரும் மாதிரியைப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு சோறு தாராளமாகக் கேளுங்கள். பானை வேண்டுமென்றால் விலையை எடுத்து வையுங்கள்.