ஊட்டி கசந்தது யாருக்கு?

"ஊட்டிக்குப் போய் வந்தீர்களாமே, எப்படி இருந்தது?" என்று கேட்டோம், கோடை விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய ஆலைத் தொழிலாளத் தோழர் ஒருவரை. சிரித்தார். "ஊட்டியை எங்கீங்க பார்த்தேன்? முன்னாலே போன காரோட முதுகைத்தான் பார்த்தேன்" என்றார்.

ஆறு குடும்பங்கள் சேர்ந்து, மாதாமாதம் சீட்டுப் போல் பணம் கட்டி, வேன் அமர்த்திக்கொண்டு சென்றிருக்கிறார்கள். கல்லாறு சோதனைச் சாவடியிலே ஒரு வரிசை. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் ஊர்வலம். பிள்ளைகளுக்குக் குமட்டல், பெண்களுக்கு ஒதுங்க இடமில்லை. மலை உச்சி சேர்ந்ததும் விடுதிக்காரர் கேட்ட வாடகை, தோழரின் ஒரு வாரக் கூலி! படகுக்கு வரிசை, பூங்காவுக்கு வரிசை, தேநீருக்கும் வரிசை. மாலையில் இறங்கிவிட்டார்கள். கனவிலே கண்ட ஊட்டி வேறு. கண்ணிலே கண்ட ஊட்டி வேறு.

ஏமாற்றம் அவருக்கு மட்டுமல்ல. ஏறிச் சென்ற சீமான்களுக்கும்தான். ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் இருக்கிறதே, அதுதான் நம்மைப் பேனா எடுக்க வைத்தது. "முன்பெல்லாம் ஊட்டி எப்படி இருந்தது தெரியுமா! கண்டவனெல்லாம் வர ஆரம்பித்தான், கெட்டுவிட்டது" என்கிறார்கள்.

யார் அந்தக் கண்டவன்? வேனிலே நெருக்கியடித்து வந்த நம் தோழரா?

அவர்கள் பெருமூச்சு விடும் அந்த 'முன்பு' எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 1819-இல் கோவைக் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் துரை நீலகிரியில் ஏறினார். அங்கே தொதவரின் மந்துகள் இருந்தன. எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் இருந்தன. கோத்தரும் குறும்பரும் இருளரும் படகரும் வாழ்ந்தார்கள். துரைக்குக் குளிர் பிடித்துப் போயிற்று, வீடு கட்டினார். ஏரி இயற்கை தந்தது என்று எண்ணிப் படம் பிடித்துக்கொள்கிறோமே, அது 1823-இல் தொடங்கி அவர் வெட்டுவித்த ஏரி. 1848-இல் தாவரவியல் பூங்கா தொடங்கிற்று. பின்னர் சென்னை ராஜதானியின் கவர்னரும் பரிவாரங்களும் கோடை தோறும் மூட்டை கட்டிக்கொண்டு மலையேறினார்கள், கோப்புகளும் கூடவே ஏறின. கீழே வரி கட்டியவன் வெயிலிலே வெந்தான். மேலே அந்த வரியிலே விருந்து நடந்தது. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் ஊட்டி வரையிலும் ரயில் பாதை போட்டார்கள். சுமந்தவனும் உடைத்தவனும் நம்மவன். உட்கார்ந்து போனவன் துரை.

'மலைகளின் அரசி' என்ற பட்டம் அந்த நாளிலே வந்தது. சில நூறு குடும்பங்களின் சுகத்துக்காகச் செய்த ஊர் அது. அந்தப் படத்தைத்தான் இன்றும் சினிமாவிலும் விளம்பரத்திலும் காட்டிக் காட்டி விற்கிறார்கள். மூக்கிலே ஏறும் தைல மர வாசனைகூட அந்த மண்ணுக்குச் சொந்தமில்லை! அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். தொதவரின் மேய்ச்சல் புல்வெளிகள் பலவற்றை அதுவும் சீகை மரமும் விழுங்கிவிட்டன. ஏரியின் கதையோ இன்னும் பரிதாபம். நகரத்துச் சாக்கடை கோடப்பமந்துக் கால்வாய் வழியே அதிலே வந்து கலக்கிறது என்பது ஊருக்கே தெரிந்த பழைய புகார். அதற்கும் வேன் தோழருக்கும் என்ன சம்பந்தம்?

சரி, கூட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2011 கணக்குப்படி ஊட்டி நகரின் மக்கள் 88,430 பேர். அந்த ஊரைச் சுமக்கும் மலை மாவட்டத்துக்குள் கோடையிலே நாளொன்றுக்குச் சுமார் 20,000 வண்டிகள் நுழைகின்றன என்ற கணக்கு 2024-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. நீதிபதிகள் திகைத்ததில் வியப்பில்லை. மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்றார்கள். அதே ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் வெப்பம் 29 டிகிரி செல்சியஸைத் தொட்டது, வழக்கத்தைவிட ஐந்து டிகிரிக்கு மேல் அதிகம். குளிரைத் தேடிப் போனவனுக்குக் குளிரும் இல்லை!

2025-இல் இன்னும் ஒரு படி மேலே போனது நீதிமன்றம். ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000 என்று வரம்பு கட்டிற்று. நீலகிரி வணிகர்கள் ஏப்ரல் 2 அன்று கடையடைத்தார்கள். அவர்கள் பயத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். வர்க்கி விற்பவர், கேரட் கட்டு விற்கும் அம்மையார், குதிரைக்காரர், அறை துடைக்கும் பையன், இவர்களுக்கெல்லாம் மூன்று மாத வருமானம்தான் ஆண்டுச் சோறு.

ஆனாலும் உத்தரவைச் சற்று உற்றுப் பாருங்கள் தோழர்களே! எண்ணப்பட்டவை வண்டிகள். மனிதர்கள் அல்லர். அரசுப் பேருந்தில் வருபவருக்கும் ரயிலில் வருபவருக்கும் இ-பாஸ் தேவையில்லை. ஒரு காரிலே நாலு பேர் என்று வையுங்கள். ஆறாயிரம் கார்கள் ஏற்றிச் செல்வது 24,000 பேர். ஒரு பேருந்திலே ஐம்பது பேர். 500 பேருந்துகள் ஏற்றிச் செல்வது 25,000 பேர்! ஆறாயிரம் எங்கே, ஐந்நூறு எங்கே? மலைப்பாதையை அடைத்துக்கொண்டு நிற்பது ஏழையின் தலை அல்ல, தகரம். வர்க்கி வாங்குகிறவன் காரிலே வந்தால் என்ன, பஸ்ஸிலே வந்தால் என்ன, வணிகருக்குக் காசு காசுதானே?

ஆகவே, கட்டுப்பாடு கூடாது என்று கூச்சலிடுவோரோடு நாம் சேரவில்லை. மலையிலே வாழும் ஏழரை லட்சம் மக்களுக்குத் தண்ணீர் வேண்டும், நோயாளி வண்டி போகப் பாதை வேண்டும். நம் புகார் வேறு. கதவை ஒரு பக்கம் சாத்தினால், மறு பக்கம் திறக்க வேண்டாமா? கோடையிலே சிறப்புப் பேருந்து விடுகிறார்கள், மெய்தான், போதவில்லை. மலை ரயிலோ, 46 கிலோமீட்டர் ஏறப் பாதிப் பகலை எடுத்துக்கொள்ளும் அழகான பழங்காலப் பொருள். அதன் சீட்டுகள் பயணம் செய்ய நினைப்பதற்குள் தீர்ந்துவிடுகின்றன. குறைந்த வாடகையில் தொழிலாளர் குடும்பம் ஓரிரவு தங்க எத்தனை விடுதி உண்டு? கவர்னருக்கு மாளிகை கட்டிய மலையிலே, கவர்னரைச் சுமந்தவனின் பேரனுக்கு ஒரு கூடம் கட்ட இடமா இல்லை?

பஸ் போக்குவரத்து நாட்டுடைமையாக வேண்டும் என்று மேடை மேடையாக முழங்கிய இயக்கம் இது. 1970-களின் தொடக்கத்தில் அதைச் செய்தும் காட்டிற்று. மலையிலே மட்டும் அந்த வேலை முடியவில்லை.

"அடுத்த மே மாதம் வேன் வேண்டாம், அரசுப் பேருந்திலே போங்கள், இ-பாஸும் வேண்டாம்" என்று தோழரிடம் சொன்னோம். தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்: "போயிரலாமுங்க. ஞாயித்துக்கிழமை பொழுது சாய்ஞ்சு, புள்ளைகளோட திரும்பி வர்றதுக்கு உட்கார எடம் கிடைக்குங்களா?"

அந்தக் கேள்வியைப் போக்குவரத்துத் துறையின் மேசைமீது வைக்கிறோம்.