ஆணை இல்லாத ஆணையம்

‘கமிஷன்’ என்ற சொல்லுக்குத் தமிழில் ‘ஆணையம்’ என்று பெயரிட்டவர்கள் அந்த நிறுவனத்தின்மீது அளவு கடந்த நம்பிக்கை வைத்திருந்தார்கள் போலும். பெயருக்குள்ளேயே ஆணை இருக்கிறது. ஆனால் 1993ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவைப் படித்தால், மனித உரிமை ஆணையம் அரசிடம் செய்யக்கூடியது பரிந்துரை மட்டுமே என்பது விளங்கும். பரிந்துரை என்பதன் அடி பரிதல். ஒருவர்பால் இரங்குதல், அவர்பொருட்டு மனம் நெகிழ்தல் என்பது அதன் பொருள். ‘அவனுக்காகப் பரிந்து பேசாதே’ என்று வீடுகளில் இன்றும் சொல்கிறோம். பெயரில் ஆணையையும் கையில் இரங்கலையும் கொண்ட ஒரு நிறுவனம் என்ன செய்ய இயலும் என்பதற்குக் கொல்கத்தாவைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மேற்கு வங்க மாநில மனித உரிமைகள் ஆணையம் 1995 ஜனவரியில் அமைந்தது. தமிழ்நாடு தனக்கென ஓர் ஆணையத்தை அமைத்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1997இல்தான். காவல் கொட்டடி மரணங்களைப் பற்றிய இந்தியச் சட்டச் சிந்தனையும் கொல்கத்தாவுக்கே பெரிதும் கடன்பட்டது. மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் செயல் தலைவராக இருந்த டி.கே. பாசு, 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். கொட்டடி மரணங்கள் பற்றிய செய்தித்தாள் நறுக்குகளை அதனுடன் இணைத்திருந்தார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டு, 1996 டிசம்பரில் கைது நடவடிக்கைக்கான பதினொரு விதிமுறைகளாக விளைந்தது. இன்று சென்னையிலோ மதுரையிலோ கைது செய்யப்படும் ஒருவருக்குக் கைதுக் குறிப்பில் சாட்சியின் கையொப்பம் இருக்க வேண்டும் என்ற உரிமை அந்த வழக்கின் வழியே வந்தது. மனித உரிமை பற்றிய அறியாமை அந்த நகருக்கு என்றும் இருந்ததில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

2012 ஏப்ரல் 12ஆம் நாள் இரவு, ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைது செய்யப்பட்டார். முதலமைச்சர் மம்தா பானர்ஜியைக் கேலி செய்த ஒரு சித்திரத்தை மின்னஞ்சலில் பிறருக்கு அனுப்பினார் என்பதே அவர்மீதான குற்றச்சாட்டு. சத்யஜித் ராயின் ‘சோனார் கெல்லா’ திரைப்படத்தைத் தழுவிய பகடி அது. ரயில்வே அமைச்சர் மாற்றப்பட்டதைக் குத்திக் காட்டியது. அவர் குடியிருந்த வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் முதிய செயலாளரும் அவருடன் கைதானார்.

மாநில மனித உரிமைகள் ஆணையம் இச்செய்தியைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அப்போது அதன் தலைவர் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி அசோக் குமார் கங்குலி. 2012 ஆகஸ்டில் ஆணையம் தன் முடிவைத் தெரிவித்தது: பாதிக்கப்பட்ட இருவருக்கும் தலா 50,000 ரூபாய் இழப்பீடு, கைது செய்த காவல் அதிகாரிகள் இருவர்மீது துறை நடவடிக்கை. அரசு மறுத்துவிட்டது. மறுத்ததற்காக அரசுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. ஒரு மாதத்துக்குள் தன் கருத்தையும் எடுத்த நடவடிக்கையையும் அரசு தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். ‘எடுக்கவில்லை’ என்பதும் ஒரு தெரிவிப்பாகிவிடுகிறது.

பிறகு உயர் நீதிமன்றத்தின் படியேறியவர்கள் பாதிக்கப்பட்ட இருவரே. 2015 மார்ச்சில் கல்கத்தா உயர் நீதிமன்றம் இழப்பீட்டை வழங்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே அரசியலமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. அப்பிரிவின் கீழும் வழக்கைச் சந்தித்துக்கொண்டிருந்த மகாபாத்ராவை அலிப்பூர் நீதிமன்றம் விடுவித்தது 2023 ஜனவரியில். ஒரு கேலிச்சித்திரத்துக்கு ஏறத்தாழ பதினோரு ஆண்டுகள்.

இந்த நிகழ்வை ஓர் அரசின் அகங்காரம் என்று மட்டும் படித்துக் கடந்துவிடுவது எளிது. அது பாதி உண்மை. மீதிப் பாதி சட்டத்தின் கட்டமைப்பில் இருக்கிறது. ஆணையத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கும் குழுவில் முதலமைச்சர், சட்டமன்றத் தலைவர், உள்துறை அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர் ஆகியோர் இருப்பர். உள்துறையும் முதலமைச்சரிடமே இருக்கும் மாநிலத்தில் எதிர்க்கட்சித் தலைவரின் குரலுக்கு என்ன எடை இருக்கும்? ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவுக்குக் காவல்துறைத் தலைவர் நிலைக்குக் குறையாத அதிகாரியையும் ஊழியர்களையும் அளிப்பது மாநில அரசு. காவல்துறைக்கு எதிரான புகாரைக் காவல்துறையினரே விசாரிக்கும் ஏற்பாடு இது. கொல்கத்தாவில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு முகவரியும் இருந்தது. ஆணையம் பல ஆண்டுகள் இயங்கிய அலிப்பூர் பவானி பவனில்தான் மாநிலக் குற்றப் புலனாய்வுத் துறையின் தலைமையகமும் இருக்கிறது. காவலரால் அடிபட்டவர் புகாரைக் கையில் ஏந்திக்கொண்டு காவலர்கள் நிற்கும் அதே வாயிலின் வழியே நுழைய வேண்டியிருந்தது.

2014 ஜனவரியில் கங்குலி பதவி விலகினார். சட்டப் பயிற்சி மாணவி ஒருவர் அவர்மீது பாலியல் துன்புறுத்தல் புகார் எழுப்பியிருந்தார். அவர் அதை மறுத்தார். அரசை எதிர்த்துப் பேசியவர் என்பதற்காக அந்தப் புகாரைச் சதி என்று தள்ளிவிட முயன்றவர்கள் மனித உரிமைக்கு நன்மை செய்யவில்லை. அவர் விலகியது ஒரு செய்தி. அந்த இடத்தில் யார் அமர்ந்தார் என்பது மற்றொரு செய்தி. மாநிலக் காவல்துறையின் முன்னாள் தலைமை இயக்குநர் நபராஜித் முகர்ஜி ஆணையத்தின் பொறுப்புத் தலைவரானார். தனிமனிதராக அவர் எவ்வளவு நேர்மையானவர் என்பது இங்கே கேள்வியன்று. நேற்றுவரை ஒரு துறையின் தலைவராக இருந்தவர், அத்துறையின்மீதான புகார்களுக்கு இன்று தீர்ப்பாளராக அமர்வதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் ஏற்காது.

இத்தகைய நிலையின் விளைவு 2021இல் வெளிப்பட்டது. தேர்தலுக்குப் பிந்தைய வன்முறையை ஆராயக் குழு அமைக்குமாறு கல்கத்தா உயர் நீதிமன்றம் பணித்தது டெல்லியிலிருக்கும் தேசிய மனித உரிமைகள் ஆணையத்தை. அக்குழுவின் அறிக்கை அரசியல் சார்புடையது என்று மாநில அரசு சாடியது. அரசு நியமிக்கும் ஆணையம் அந்த அரசின் குரலாகவே ஒலிக்கும் என்று அரசுகளே நம்புகின்றன. அதனால்தான் அடுத்த அரசின் ஆணையத்தை ஐயுறுகின்றன. தேசிய ஆணையத்தின் நிலையும் பெருமைப்படத்தக்கதன்று. மனித உரிமை நிறுவனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு 2023இலும் 2024இலும் அதன் மறு அங்கீகாரத்தை ஒத்திவைத்தது. விசாரணையில் காவல் அதிகாரிகள் ஈடுபடுவதும் ஆணையத்தில் பன்மைத்தன்மை போதாமையும் அது சுட்டிய குறைகளில் சில.

ஆணையத்தின் சொல்லுக்குக் கட்டாயத்தன்மை வேண்டும் என்றால் எழும் மறுப்பு ஒன்றுண்டு. ஆணையம் நீதிமன்றம் அன்று. மக்கள் தேர்ந்தெடுத்த அரசை நியமனம் பெற்றவர்கள் கட்டுப்படுத்தலாமா என்று கேட்கிறார்கள். இது மதிக்கத்தக்க கேள்வியே. இதற்கு விடை சென்னையில் கிடைத்தது. 2021 பிப்ரவரி 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, 18ஆவது பிரிவின்கீழ் ஆணையம் செய்யும் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்றும், உடன்பாடில்லாத தரப்பு நீதிமன்றச் சீராய்வை நாடலாம் என்றும் தீர்ப்பளித்தது. அரசின் உரிமை இதில் பறிபோகவில்லை. மாறியது ஒன்றுதான்: வழக்குத் தொடுக்கும் சுமை யார் தோளில் என்பது. முன்பு பரிந்துரையை அரசு புறக்கணித்தால் அடிபட்டவர் வழக்கறிஞரைத் தேட வேண்டும். இந்தத் தீர்ப்பின்படி, பரிந்துரை பிடிக்கவில்லையென்றால் அரசுதான் நீதிமன்றம் செல்ல வேண்டும். அரசு வழக்கறிஞர்களும் கருவூலமும் ஒரு பக்கம். ஓர் இரவு கொட்டடியில் கிடந்தவர் மறுபக்கம். எவர் சுமப்பது நியாயம்?

மகாபாத்ராவின் வழக்கில் இந்தச் சுமை தவறான தோளில் இருந்தது. அவர் பேராசிரியர், அவருக்குச் சட்டம் தெரிந்த நண்பர்கள் இருந்தார்கள், நாளிதழ்கள் எழுதின. முர்ஷிதாபாத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த தொழிலாளிக்கோ, சுந்தரவனத்திலிருந்து வந்து வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கோ பரிந்துரை ஒரு தாளாகவே முடிந்துபோகும். நிகழ்வு நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்கவே இயலாது என்ற 36ஆவது பிரிவின் தடையும் முதலில் வீழ்த்துவது இவர்களைத்தான்.

நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. உயர் நீதிமன்றத்தை ஆணையமே அணுகலாம் என்று அதே 18ஆவது பிரிவு சொல்கிறது. அரசு ஒரு பரிந்துரையை மறுக்கும் ஒவ்வொரு முறையும் ஆணையமே மனுதாரராக வேண்டும். ஆண்டறிக்கையும் எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்பும் ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். புலனாய்வுக்குக் காவல்துறைக்கு வெளியிலிருந்து ஆட்கள் எடுக்கப்பட வேண்டும். இவற்றைச் செய்யத் துணியாத ஆணையம் தன் பெயரிலிருந்து முதல் இரண்டு எழுத்துகளையாவது நீக்கிக்கொள்வது மொழிக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும்.