குடும்பப் பின்னணி என்னும் சாக்கு

புலம்பெயர்ந்து வந்த தொழிலாளரின் பிள்ளைகள் ஏன் படிப்பில் பின்தங்குகிறார்கள் என்று கேட்டால், நம்மவரிடம் ஆயத்தமாக ஒரு விடை இருக்கிறது: "குடும்பப் பின்னணி அப்படி, சாமி." தந்தை படிக்காதவர், தாய்க்குத் தமிழ் தெரியாது, வீட்டில் ஒரு புத்தகம் கிடையாது. இவ்விடை பொய்யன்று. 1966இல் அமெரிக்காவில் வெளியான கோல்மன் அறிக்கை தொட்டு, குடும்பச் சூழலின் வலிமையை ஆய்வாளர்கள் சொல்லியே வருகின்றனர். ஆனால் உண்மையையே சாக்காக்கிக் கொள்வதும் மனித இயல்பு. வீட்டில் எல்லாம் இருக்குமானால் பள்ளி எதற்கு?

1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை எழுந்தது. பின்னர் ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்பேட்டைகள் விரிந்தன. கட்டடம் எழுப்பவும் பொறிகளை இயக்கவும் ஒடிசா, பீகார், வங்கம், அசாம் மாநிலத்தார் வந்தனர். ஒடியம், போஜ்புரி, வங்காளம், அசாமியம் பேசும் இவர்கள் அனைவருக்கும் நாம் இட்ட பெயர் 'இந்திக்காரர்'. பிள்ளையின் தாய்மொழி எதுவென்றே அறியாத நாம், அதன் குடும்பப் பின்னணியை மட்டும் எப்படி அறிந்தோம்?

பதின்மூன்று வயதில் இங்கு வந்து சேரும் ஒடியச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் அவளை வயதுக்கேற்ற வகுப்பில் அமர்த்தச் சொல்கிறது. சிறப்புப் பயிற்சி தரவும் சொல்கிறது. நல்லது. ஆனால் அச்சட்டத்தின் கை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டமோ முதல் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, பத்தாம் வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழ் கற்பிப்பதை நான் எதிர்க்கவில்லை. இம்மண்ணில் வாழ்பவளுக்குத் தமிழ் வேண்டும். உடன் படிப்பவர்கள் பத்தாண்டில் கற்றதை இரண்டாண்டில் அவளுக்குக் கற்பிப்பவர் யார் என்பதே என் கேள்வி. இதற்கிடையில், பதினான்கு வயது நிறைந்தால் ஆபத்தற்ற வேலைக்குப் போகலாம் என்கிறது 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம். பள்ளிக் கதவு மூடுகிற அதே வயதில் வேலைக் கதவு திறக்கிறது. இதைக் குடும்பமா செய்தது?

வழியில்லை என்று சொல்லவேண்டாம். 2017இல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 'ரோஷ்ணி' என்ற திட்டம் தொடங்கிற்று. பிள்ளையின் தாய்மொழி அறிந்த ஒருவரைப் பள்ளியிலேயே அமர்த்தி, அம்மொழி வழியாக மலையாளத்திற்கு அழைத்துச் சென்றார்கள். நாமும் அப்படி எண்ணிப் பார்க்கலாம்.

நம் இனத்தாரே பட்ட பாடு இது. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றியும் 'இவர்களுக்குப் படிப்பு ஏறாது' என்றே துரைமார் பேசினர். 1970களில் தோட்டப் பள்ளிகளை அரசு ஏற்றபின், அதே லயத்து அறைகளிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். லயமும் பெற்றோரும் மாறவில்லை, பள்ளி மாறிற்று.

அரசைச் சாடுவது எளிது. நம் பள்ளிகளைப் பற்றிப் பேசுவோம். சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாதென 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நாம் மகிழ்ந்தோம். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கலாகாது என்ற விதியும் அச்சட்டத்தில்தான் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு நமக்களித்த உரிமை, நம் கல்வியின் தனித்தன்மையைக் காக்கவே அன்றி, புலம்பெயர்ந்தவன் மகளை வாயிலில் நிறுத்தி வைக்க அன்று. எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரை ஆற்றுகிறோம். அக்குழந்தையிடம் யாரும் மாற்றுச் சான்றிதழ் கேட்டதாக நற்செய்தியில் இல்லை!

தாளாளர்களே, வரும் சூன் மாதச் சேர்க்கையின்போது இரண்டு செய்யுங்கள். தாய்மொழி என்ன என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். ஒடியமோ வங்காளமோ அறிந்த ஒருவருக்கு மாதச் சம்பளம் ஒதுக்குங்கள். பள்ளி ஆண்டுவிழாப் பந்தலுக்கு நாம் செலவிடுவதைவிட அது கூடுதலாகாது.