காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது, வாசல் திறந்ததா?

புத்தளத்தில் நான் படிப்பிக்கும் பத்தாம் தர வகுப்பில் இந்து சமுத்திர வணிகப் பாதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஓடுதுதானே. அப்ப எங்கட வாப்பா ஏன் இன்னும் கட்டுநாயக்காவுக்குப் போய் ப்ளேன் ஏறுறார்?" அவனது வாப்பா புடைவை வியாபாரி. அவனுக்கு அன்று அரைகுறையான பதிலே சொன்னேன்.

2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினம் - காங்கேசன்துறை பயணிகள் கப்பல் ஆரம்பமானது. ஒரு வாரத்துக்குள் பருவமழை அதை நிறுத்தியது. 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கி, இடையில் நின்று, 2025 பெப்ரவரியில் தொடர்ந்தது. துறைமுக அபிவிருத்திக்கு இந்தியா 61.5 மில்லியன் டொலர் நன்கொடை அறிவித்தது. கப்பல் பயணிகளுக்கான புறப்பாட்டு வரியை எமது அரசு குறைத்தது. 2011 ஜூனில் தொடங்கிய கொழும்பு - தூத்துக்குடி சேவை அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோனதை நினைத்தால் இவை வரவேற்கத்தக்க முயற்சிகள்.

ஆனால் சிறிய துறைமுகத்தின் ஆயுளை இறங்குதுறை மட்டும் தீர்மானிப்பதில்லை. சுங்க, குடிவரவு மேசைகளும் தீர்மானிக்கின்றன.

இந்தியாவின் இலத்திரனியல் வீசா, குறிப்பிட்ட நுழைவிடங்களில் மட்டுமே செல்லும். கொச்சி, சென்னை, மும்பை போன்ற பெரிய துறைமுகங்களே அந்தப் பட்டியலில் முதலில் இடம்பெற்றன. சிறிய துறைமுகமோ அந்தப் பட்டியலில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

அடுத்தது பொதி. சொந்தப் பாவனைக்கான பொருளுக்குச் சலுகை உண்டு. வியாபாரத் தொகைக்கு இல்லை. இரண்டுக்கும் இடையிலான கோட்டை மேசையில் இருப்பவர் தீர்மானிக்கும்போது, பத்துச் சேலை கொண்டுவருபவர் பயந்துகொண்டுதான் வரிசையில் நிற்பார். எமது சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டுக்குரியது. திருத்தங்கள் பல வந்தாலும் சிறு வியாபாரிக்கென ஓர் இலகுவான வழி இன்னும் பிறக்கவில்லை.

சுங்கத்தின் கவலையும் நியாயமானதே. பாக்கு நீரிணை வழியாகத் தங்கமும் கஞ்சாவும் வருகின்றன. ஆனால் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பின் நடந்ததை மறக்கக் கூடாது. மன்னார், கற்பிட்டிக் கரைகளில் மூட்டை மூட்டையாக மஞ்சள் பிடிபட்டது. நேர்வழி ஒடுங்கினால் சரக்கு கடற்கரையால் வரும். அரசுக்கு வரியும் இல்லை, நுகர்வோருக்குத் தரப் பரிசோதனையும் இல்லை.

எமது சமூகத்துக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பலர் வியாபாரக் குடும்பத்தினர். மீளக் குடியேறியோருக்கு வீட்டைப் போலவே தொழிலும் தேவை. வைத்தியம், படிப்பு, நாகூர் ஸியாரத் என்று போகிறவர்களுக்கும் இதுவே கிட்டிய பாதை.

எனவே மூன்று விடயங்களைக் கேட்போம். கொண்டுவரக்கூடிய பொருட்களின் அளவும் வரியும் மும்மொழியிலும் பயணச்சீட்டோடு தரப்பட வேண்டும். சிறு வியாபாரிக்கு ஒரே படிவமும் நிலையான வரியும் கொண்ட நடைமுறை வேண்டும். உணவு, தாவரப் பரிசோதனை துறைமுகத்திலேயே நடக்க வேண்டும்.

இவை நடந்தால் அந்த மாணவனின் வாப்பா காங்கேசன்துறையால் போவார், இன்ஷா அல்லாஹ். நடக்காவிட்டால் அவர் கட்டுநாயக்காவுக்கே போவார். கப்பலும் ஆள் குறைந்து ஒருநாள் நின்றுவிடும்.