கறந்த பாலுக்கு உத்தரவாதம் எங்கே?

எங்கள் வீட்டு அடுக்களையில் எப்போதும் ஒரு பால்மாவு டின் இருக்கும். சுங்கை பினாங் அடுக்குமாடி வீடுகளில் இது சாதாரணக் காட்சிதான். ஆனால், என் தாத்தா உயிரோடு இருந்தவரை அந்த டின்னைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எந்த நாட்டுப் பால் என்று கேட்பார். "நியூசிலாந்து" என்று நான் வாசித்துச் சொல்வேன். "கப்பல்ல வர்ற பாலு விக்குது. கண்ணு முன்னால கறந்த பாலு விக்கலையேய்யா" என்பார்.

தாத்தா பால்காரர். ஆற்றோரம் இருந்த பலகை வீட்டுக்குப் பின்னால் ஏழெட்டு மாடுகள் வைத்திருந்தார். விடியற்காலை மூன்று மணிக்குக் கறந்து, சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக, கடை கடையாக ஊற்றுவார். விலையை அவர் சொன்னதில்லை, வாங்குகிறவர்தான் சொல்வார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பால் போதாது. நோன்பு மாதத்தில் பகலில் தேநீர்க் கடைகளில் வியாபாரம் படுத்துவிடும். மாட்டின் மடிக்கு இது தெரியுமா? அது அன்றும் சுரக்கும். மிஞ்சிய பாலைப் பாட்டி தயிராக்கி அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவார். புண்ணாக்குக் கடன் மட்டும் நின்றபடியே நிற்கும். ஒரு நாள், வாடிக்கையாக வாங்கி வந்த ஓர் உணவகம், "இனி டின் பால் போதும்" என்று சொல்லிவிட்டது. 1989-இல் தாத்தா கடைசி மாட்டையும் விற்றார்.

நம்மவர்க்குத் தொழிலில் அக்கறை இல்லை, அதனால்தான் மாடு வளர்ப்பு அழிந்தது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். இக்கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மூன்று மணிக்கு எழுந்த மனிதருக்கு அக்கறை இல்லை என்று எப்படிச் சொல்வது? அவருக்கு இல்லாதது ஒன்றுதான்: நாளை என்ன விலை, யார் வாங்குவார் என்ற உறுதி.

அந்த உறுதி நியூசிலாந்து விவசாயிக்கு எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம். 1930-களின் பொருளாதார மந்தத்தில் லண்டன் சந்தையில் வெண்ணெய் விலை சரிந்தது. அந்த ஒரே சந்தையை நம்பியிருந்த பால் விவசாயிகள் கடனில் மூழ்கினர். 1935-இல் மைக்கேல் ஜோசப் சாவேஜ் தலைமையில் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. மறு ஆண்டே மூலப்பொருள் சந்தைப்படுத்தும் சட்டம் நிறைவேறியது. ஏற்றுமதிக்கான வெண்ணெயையும் பாலாடைக்கட்டியையும் அரசே உத்தரவாத விலைக்கு வாங்கி, அரசே வெளிநாட்டில் விற்றது. முந்தைய பல ஆண்டுகளின் விலைகளைக் கணக்கில் எடுத்து, பருவத்திற்கு முன்பே விலை அறிவிக்கப்பட்டது. நல்ல காலத்து உபரி தனிக் கணக்கில் சேர்ந்தது. கெட்ட காலத்துப் பற்றாக்குறையை அது தாங்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

விலை உறுதியோடு அவர்கள் நின்றுவிடவில்லை. விற்கும் கையையும் பலப்படுத்தினர். 1961-இல் உருவான நியூசிலாந்துப் பால் வாரியம், நாடு முழுவதற்கும் ஒரே விற்பனையாளராக உலகச் சந்தையில் இறங்கியது. 2001-இல் அவ்வாரியமும் இரு பெரும் கூட்டுறவு அமைப்புகளும் இணைந்து ஃபொன்தெரா பிறந்தது. தாத்தா திருப்பித் திருப்பிப் பார்த்த டின்னுக்குப் பின்னால் இத்தனை ஆண்டுத் திட்டமிடல் இருந்தது. அவருடைய சைக்கிளுக்குப் பின்னால் யாரும் இல்லை.

விலையை உறுதி செய்தால் அரசுப் பணம் வீணாகும் என்று பொருளாதாரம் படிக்கும் நண்பர்கள் வாதிடுவர். அதிலும் உண்மை உண்டு. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் விலைக்கு உறுதி கொடுத்தது. அளவுக்கு எல்லை வைக்கவில்லை. விற்காத வெண்ணெய் கிடங்குகளில் மலையாகக் குவிந்தது. மானியம் கொடுத்து அதை வெளிநாட்டுச் சந்தைகளில் தள்ளினார்கள். இறுதியில் 1984-இல் பால் உற்பத்திக்கே உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. ஆகவே, சந்தை இல்லாத உத்தரவாதம் மலையாகத் தேங்கும். உத்தரவாதம் இல்லாத சந்தை கொட்டகையைக் காலி செய்யும். இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

இந்தியாவில் இதைச் செய்து காட்டியவர்கள் சிறு விவசாயிகளே. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஒரே தனியார் நிறுவனம் பாலை வாங்கி விலையை அடித்தபோது, விவசாயிகள் பால் ஊற்ற மறுத்துப் போராடினர். 1946-இல் அங்கு உருவான கூட்டுறவுச் சங்கமே பின்னர் அமுல் ஆனது. தமிழ்நாட்டில் ஆவின் கொள்முதல் விலையை மாநில அரசு அறிவிக்கிறது. 2022 நவம்பரில் பசும்பால் லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயானது. அது போதாது என்று 2023 மார்ச்சில் உற்பத்தியாளர்கள் போராட்டத்தில் இறங்கினர். அந்த ஆண்டு டிசம்பரில் 38 ரூபாயானது. குறைகள் இல்லாமல் இல்லை. ஆனால், குறை சொல்ல அங்கே ஒரு வாசல் இருக்கிறது. என் தாத்தா எந்த வாசலில் போய்ப் போராடுவார்?

நம் நாட்டுக்கும் இது புதிதன்று. நெல்லுக்கு அரசு அடிப்படை விலை வைத்திருக்கிறது. டன்னுக்கு 1,200 ரிங்கிட்டாக இருந்தது, 2024-இல் 1,300 ஆகி, 2025 செப்டம்பரில் 1,500 ரிங்கிட்டாக உயர்ந்தது. நெல் விவசாயிக்கு அது வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அதே நியாயம் பாலுக்கும் பொருந்தும் என்பதே என் வாதம். 1983-இல் தொடங்கிய பள்ளிப் பால் திட்டம் நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். தமிழ்ப்பள்ளியில் நானும் வரிசையில் நின்று அந்தப் பாலைக் குடித்தவன்தான். அரசு பணம் கொடுத்து வாங்கும் பாலில் உள்ளூர்ச் சிறு பண்ணைகளுக்கு ஒரு பங்கை விலையோடு முன்கூட்டியே ஒதுக்கினால், அதுவே உத்தரவாதமும் ஆகும், சந்தையும் ஆகும்.

விலை மட்டும் போதாது, நிலமும் வேண்டும் என்பதையும் பினாங்கு வாசிகள் மறக்க முடியாது. மாடும் ஆடும் வளர்த்து வாழ்ந்த கம்போங் புவா பாலா 2009-இல் இடிக்கப்பட்டது. அப்போது எனக்கு வயது ஆறு. தாத்தா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார் என்று அம்மா சொல்வார்.

இன்றும் நம் இனத்தவர் சிலர் மாடு வளர்க்கின்றனர். பால் தரத்தைச் சோதிக்கவும், குளிர்பதனக் கலத்துக்குக் கடன் மனு எழுதவும், கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்யவும் அவர்களுக்குப் படித்தவர் துணை தேவை. உணவு அறிவியலும் கணக்கியலும் சட்டமும் படிப்பவர்கள் நம் கழகத்திலேயே இருக்கின்றனர். விடுமுறையில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு மாவட்டத்துப் பண்ணைகளைச் சுற்றி வந்து, அவர்கள் விற்கும் விலையையும் செலவையும் கணக்கெடுக்கலாம். கணக்கு கையில் இருந்தால்தான் அரசிடம் விலை கேட்க முடியும். முன்னாள் மாணவர்களும் கைகொடுக்க வேண்டும்.

பொங்கலன்று மாட்டுக்கு மாலை போடுகிறோம். நல்லதுதான். மறுநாள் அது கறக்கும் பாலுக்கு என்ன விலை என்றும் கேட்போம்.