லாபம் உனக்கு, நஷ்டம் ஊருக்கா?

பாங்கி மூழ்கியது. பணம் போட்டவர்கள் பதறினார்கள். பாங்கியை நடத்தியவருக்கு மட்டும் கவலை இல்லை. அவருக்குப் பென்ஷன் தயாராக இருந்தது.

எவ்வளவு தெரியுமா? வருடத்துக்கு 7 லட்சத்து 3 ஆயிரம் பவுண்டு!

இந்தச் செய்தி 2009-ம் ஆண்டில் வெளியானபோது பிரிட்டிஷ் ஜனங்கள் கொதித்து எழுந்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

பேராசை

அந்தப் பாங்கியின் பெயர் ராயல் பாங்க் ஆப் ஸ்காட்லாந்து. 1727-ம் ஆண்டில் எடின்பரோ நகரில் தொடங்கிய பழைய பாங்கி.

2007-ம் ஆண்டில் அது வேறு இரண்டு பாங்கிகளுடன் சேர்ந்து, ஹாலந்து நாட்டின் பெரிய பாங்கி ஒன்றை விலைக்கு வாங்கியது. கையில் இருந்த சொந்த முதல் குறைவு. கடனோ அதிகம். அதில் பெரும் பகுதி சீக்கிரமே திருப்பித் தரவேண்டிய கைமாற்றுக் கடன்!

2008 அக்டோபர் 7-ந் தேதி நிதி மந்திரி அலிஸ்டர் டார்லிங்குக்கு டெலிபோன் வந்தது. இன்னும் சில மணி நேரத்தில் பாங்கியில் பணம் தீர்ந்துவிடும் என்று பாங்கித் தலைவர் சொன்னார்.

பாங்கியை மூடவிட்டால் என்ன ஆகும்? சம்பளம் வராது. கடைக்காரருக்குப் பணம் போகாது. மற்றப் பாங்கிகளும் ஆட்டம் காணும். ஆகவே சர்க்கார் கை கொடுத்தது. மொத்தம் 4,550 கோடி பவுண்டு! எல்லாம் ஜனங்களின் பணம்.

நஷ்டத்திலும் போனஸ்

போனஸ் என்றால் தீபாவளிக்குக் கிடைக்கும் ஒரு மாதச் சம்பளம் என்று எண்ணிவிடாதீர்கள். பெரிய பாங்கிகளின் மேல் உத்தியோகஸ்தர்களுக்குப் போனஸ், சம்பளத்தைப்போலப் பல மடங்கு.

2009-ம் ஆண்டில் இந்தப் பாங்கிக்கு 360 கோடி பவுண்டு நஷ்டம். அந்த ஆண்டுக்காக அது ஒதுக்கிய போனஸ் 130 கோடி பவுண்டு!

போனஸ் தராவிட்டால் கெட்டிக்காரர்கள் வேறு பாங்கிக்குப் போய்விடுவார்கள் என்று சமாதானம் சொன்னார்கள். கெட்டிக்காரர்கள் பாங்கியை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்பதை ஊரே பார்த்துவிட்டதே!

கோளாறு எங்கே இருக்கிறது? இன்று கொடுக்கும் கடன் இன்றே லாபமாகக் கணக்கில் ஏறுகிறது. போனஸும் உடனே கிடைக்கிறது. அந்தக் கடன் வராக்கடனாவது நாலைந்து வருடம் கழித்து! நாற்று நட்டவுடனே அறுவடைக் கூலியை வாங்கிக்கொண்டு போவது போன்றது இது. பயிர் கருகினால் அவருக்கு என்ன?

கல் எறிந்து பயன் என்ன?

2009 மார்ச் மாதத்தில் பழைய நிர்வாகி பிரெட் குட்வின் வீட்டு ஜன்னல்களைச் சிலர் உடைத்தார்கள். இது தவறு. கண்ணாடி உடைந்தால் கஜானா நிரம்பாது.

பிறகு அவர் பென்ஷனைப் பாதிக்கும் கீழே குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார். 2004-ல் பெற்ற "சர்" பட்டம் 2012-ல் பறிபோனது. பட்டம் போனது சரி. பணம் திரும்பி வந்ததா?

வேண்டியது சட்டம்.

2014-ல் ஐரோப்பிய யூனியன் ஒரு வரம்பு கட்டியது. போனஸ் ஒரு வருடச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. பங்குதாரர்கள் சம்மதித்தால் இரண்டு மடங்கு வரை தரலாம். பாங்கிகள் என்ன செய்தன? சம்பளத்தையே உயர்த்தின! 2023-ல் பிரிட்டன் அந்த வரம்பை எடுத்துவிட்டது.

அதைவிட நல்ல சட்டம் ஒன்று உண்டு. 2015-ல் பிரிட்டன் கொண்டுவந்தது. தவறு வெளிப்பட்டால், வாங்கிய போனஸை ஏழு வருடம் வரை திரும்பப் பிடுங்கலாம் என்பது அந்தச் சட்டம். லாபத்தில் பங்கு வாங்குகிறவர் நஷ்டத்திலும் பங்கு ஏற்கட்டும். இதுதான் நியாயம். ஆனால், சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. கை நீட்டிப் பிடுங்கும் துணிச்சல் அதிகாரிகளுக்கு வேண்டும்.

யார் தலையில்?

2025 மே 30-ந் தேதி, அந்தப் பாங்கியில் தன்னிடம் மீதி இருந்த பங்குகளையும் சர்க்கார் விற்றுவிட்டது. போட்ட பணத்தில் சுமார் 1,000 கோடி பவுண்டு திரும்பவில்லை.

அதைக் கொடுத்தது யார்? போனஸ் வாங்கியவர்கள் அல்ல. பஸ் ஓட்டுகிறவர், பள்ளிக்கூட ஆசிரியை, ஆஸ்பத்திரி நர்ஸ்—வரி கட்டிய எல்லோரும்!

வருடங்கள் ஓடிவிட்டன. ஜனங்களின் கோபம் ஆறிவிடும். சட்டம் ஆறக்கூடாது!