ஏற்ற இறக்கம் தெரியாத சைக்கிள் கடைகள்

கண்டியில் சைக்கிள் வாங்க வருகிறவரிடம் வீடு எங்கே என்று கேட்கிற கடை அரிது. எவ்வளவு காசுக்குள் பார்க்கிறீர்கள், என்ன நிறம் வேண்டும், பிள்ளைக்கா பெரியவருக்கா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. மாலையில் வாவியைச் சுற்றி ஓட்டப் போகிறவருக்கும், ஹந்தானை வீதியில் தினமும் ஏறி இறங்க வேண்டியவருக்கும் ஒரே வண்டியை ஒரே வார்த்தைகளைச் சொல்லி விற்கிறார்கள். கண்டி நகரம் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதை அடுத்து எழும் ஹந்தானைத் தொடரின் சிகரங்கள் 1,000 மீற்றரைத் தாண்டுகின்றன. அடிவாரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகம், மேலே தேயிலை நூதனசாலை, அதைச் சுற்றித் தோட்டமும் லயங்களும். இங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடைத்தெருவுக்கும் போகிற எவருக்கும் சமதரை என்பது சொற்பம். சமதரையில் கடைக்காரரின் தவறான ஆலோசனை காசுக்கு நட்டம்; மலையில் அது உடம்புக்கே நட்டமாகலாம். ஆகவே ஆலோசனையையும் சரியாகப் பூட்டிக் கொடுப்பதையும் விற்பனையோடு இனாமாக வரும் உபசாரமென்று எண்ணக்கூடாது. விற்கப்படும் பொருளின் ஒரு பாகமாகவே அவற்றைக் கணக்கிட வேண்டும்.

2022இன் எரிபொருள் தட்டுப்பாடு இந்தக் குறையைப் பெரிதாக்கிக் காட்டியது. அந்த ஆண்டு யூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்காமல், கியூஆர் பங்கீட்டு முறை வந்து சீராகும்வரை மக்கள் நாட்கணக்கில் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். சைக்கிளை நினைத்தே பாராதவர்களும் சைக்கிள் கடைக்கு ஓடினார்கள். ரூபாய் வீழ்ந்ததில் விலை கண்மண் தெரியாமல் ஏறியது. கையிருப்பில் எது இருந்ததோ அதுவே எல்லோருக்கும் ஏற்றது என்றானது. தட்டுப்பாடு நீங்கிய பிறகு, மலைப்பக்கத்தில் வாங்கியவர்கள் வண்டியை மூலையில் சாத்தினார்கள். மலையில் சைக்கிள் சரிவராது என்ற பழைய தீர்ப்பு மறுபடியும் உறுதியானது. அந்தத் தீர்ப்பில் மலையின் பங்கு எவ்வளவு, கடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

பிரித்துப் பார்ப்பது கடினமும் அல்ல. கியர் இல்லாத சாதாரண பெரிய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெடலை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய 5.4 மீற்றர் முன்னே போகும். நூற்றுக்குப் பத்து ஏற்றத்தில் அப்படியென்றால், ஒவ்வொரு சுற்றிலும் ஆளையும் வண்டியையும் 54 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். பழகிய கால்களுக்கே அது கடும் வேலை. முன்னால் 24 பல்லும் பின்னால் 28 பல்லும் கொண்ட 26 அங்குல வண்டியில் அதே சுற்றுக்கு நகர்வது 1.8 மீற்றருக்கும் குறைவு. தூக்க வேண்டிய உயரமும் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. மலைவாசிக்குச் சொல்ல வேண்டிய செய்தி இந்தப் பல் கணக்குத்தான். கடையில் சொல்லப்படுவதோ "21 கியர், மலைக்கு நல்லா ஏறும்" என்பது. 21 என்பது எண்ணிக்கை. மிகச் சிறிய முன் பல்சக்கரத்திலும் மிகப் பெரிய பின் பல்சக்கரத்திலும் எத்தனை பல் என்பதே ஏற்றத்தைத் தீர்மானிக்கிறது. மலை என்றவுடன் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த கனமான வண்டியை எடுத்து நீட்டுவதும் இந்த வகைதான். தார் வீதியில் ஏறும்போது மலிவான ஸ்பிரிங் ஒவ்வொரு மிதிக்கும் அமுங்கி எழும். கால் கொடுக்கும் பலத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும். அதன் கூடுதல் எடையையும் சுமப்பது அதே கால்கள்தான்.

ஏற்றத்தில் தவறு நடந்தால் ஆள் இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் அந்த வசதி கிடையாது. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. 200 மீற்றர் உயரம் இறங்குகிறார்கள் என்று கொள்வோம். வேகத்தைக் கட்டுக்குள் வைத்து இறங்கினால், காற்று எடுத்துக்கொள்ளும் சிறு பங்கு போக, மிச்சச் சக்தி முழுவதும் பிரேக்கில் வெப்பமாக வெளியேற வேண்டும். மொத்தக் கணக்கு ஏறத்தாழ 157 கிலோஜூல். அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. இதைத் தாங்க வேண்டியவை விரல் நீளமுள்ள நான்கு இறப்பர் கட்டைகள். அவை ரிம்மில் முழுதாகப் படியாமல் பாதி டயரில் உரசினால் டயரின் பக்கச்சுவர் அறுந்துபோகும். கீழே சரிந்திருந்தால் கட்டை ரிம்மை விட்டு நழுவிக் கம்பிகளுக்குள் போகும். இரண்டும் ஒரு சாவியால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யக் கூடியவை. கண்டியில் அடிக்கடி மழை பெய்யும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக்கின் பிடி பல மடங்கு குறைந்துபோகும். அலுமினிய ரிம்மில் அந்த இழப்பு குறைவு. பளபளப்புக்காக இரும்பு ரிம்மைப் புகழ்ந்து மலைவாசியிடம் விற்பவர், மழைநாளில் அந்த வண்டி எந்த வளைவில் நிற்கும் என்று யோசித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட ஆபத்தான ஆலோசனை, நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவது: "முன் பிரேக் பிடிக்காதீங்க, தலைகீழா விழுவீங்க." சில இடங்களில் இதற்கு ஒரு படி மேலே போய் முன் பிரேக்கைத் தளர்த்தியே கொடுத்துவிடுகிறார்கள். வண்டி வேகம் குறையும்போது எடை முன்சில்லின் மேல் சாய்கிறது; பின்சில்லு தரையில் அழுந்துவது குறைகிறது. அதனால் காய்ந்த சமதரையிலேயே பின் பிரேக் மட்டும் தரும் தடுப்பு முன் பிரேக் தருவதில் பாதியளவே. இறக்கத்தில் எடை ஏற்கெனவே முன்னால் சாய்ந்திருப்பதால் பின்சில்லு இன்னும் விரைவில் பூட்டிக்கொண்டு வழுக்கும். முன் பிரேக்கைச் சடாரென்று அழுத்தினால் விழும் ஆபத்து உண்மையானதே. அதற்கு மருந்து பழக்கம்: உடம்பைப் பின்னே தள்ளி, கையை நீட்டி ஊன்றி, இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டு அழுத்துவது. இதைக் கடை வாசலில் பத்து நிமிடத்தில் காட்டிக் கொடுக்கலாம். பிரேக்கைக் கழற்றி விடுவது, விழுவதற்குப் பயந்து நிற்பதையே கைவிடுவதாகும்.

வண்டியைப் பூட்டும் வேலையில் நடக்கும் பிழைகள் தனி வகை. சைக்கிள் பெரும்பாலும் பெட்டிக்குள் அரைகுறையாகப் பூட்டிய நிலையில்தான் கடைக்கு வருகிறது. மிச்சத்தைப் பூட்டுவது அன்று கையில் வேலை இல்லாத பையன். முன் ஃபோர்க்கைப் பின்முகமாகத் திருப்பிப் பூட்டிய வண்டிகள் உலகமெங்கும் கடைகளிலிருந்து வெளியேறுகின்றன. சீட் தண்டிலும் ஹேண்டில் தண்டிலும் இதற்கு மேல் உயர்த்தக்கூடாது என்று ஒரு கோடு பொறித்திருக்கும். உயரமான வாடிக்கையாளருக்குச் சிறிய வண்டியை ஒப்பேற்ற, அந்தக் கோடு வெளியே தெரியும்வரை தூக்கி விடுவார்கள். இடப்பக்கப் பெடலின் புரி மறுபக்கமாகத் திரும்புவது என்பதை அறியாமல் வலிந்து முறுக்கிப் புரியையே சிதைப்பதும் நடக்கிறது. "வளர்ற பிள்ளைதானே, பெரிசா எடுங்க" என்று தாய்தகப்பனிடம் சொல்லப்படுவதும் இந்த வரிசையில்தான் சேரும். கால் தரையில் எட்டாத பிள்ளையை இறக்கத்தில் அனுப்புவது எந்தச் சிக்கனத்திலும் சேராது.

யாழ்ப்பாணத்தை உதாரணம் காட்டி ஒருவர் மறுக்கலாம். 1990களில் வடக்குக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் மாணவர், ஆசிரியர், வியாபாரி, நோயாளி என்று எல்லோரையும் சுமந்தது கியர் இல்லாத சைக்கிள்தான். எந்தக் கடையும் யாருக்கும் பல் கணக்குச் சொல்லவில்லையே என்பார்கள். உண்மைதான். ஆனால் யாழ்ப்பாணம் சமதரை. அங்கே அறிவு வாங்குபவரிடமே இருந்தது. சந்திக்குச் சந்தி ஒட்டுப்போடுபவர் இருந்தார். வீட்டில் ஒருவருக்காவது செயின் மாட்டத் தெரியும். தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியபோதும் அப்படித்தான். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளை எடுத்தவர்களில் சிலர், குழந்தையை உட்கார வைக்க நடுக்கம்பி உதவுகிறது என்று அதையே விரும்பினார்கள். தேவையை அறிந்தவர் எது சரி என்பதையும் கண்டுகொள்வார். கண்டி மலைப்பக்கத்தில் சைக்கிள் பழக்கம் தலைமுறை தலைமுறையாக வந்ததில்லை. தோட்டத்து லயத்திலிருந்து முதல் சைக்கிள் வாங்க வரும் குடும்பத்திடம் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கிடையாது. கடையில் சிங்களத்தில் சொல்லப்படுவதையும் உத்தரவாத அட்டையில் ஆங்கிலத்தில் இருப்பதையும் நம்பித்தான் ஆக வேண்டும். வாங்குபவரிடம் அறிவு இல்லாத இடத்தில் விற்பவரின் கடமை கூடுகிறது. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கூலியில் 25 நாள் வேலை செய்தாலும் 33,750 ரூபாய்தான் வந்தது. புதிய கியர் சைக்கிள் ஒன்றுக்கு அது பெரும்பாலும் போதவில்லை. இப்படிச் சேர்த்த காசில் தவறான வண்டியை வாங்கியவர் இரண்டாவது வண்டி வாங்கப் போவதில்லை.

கடைக்காரர்களுக்கும் நியாயம் இருக்கிறது. இலாபம் குறைவு, கடை வாடகை அதிகம், ஊழியர் நிலைப்பதில்லை, வருகிறவர்களோ விலையைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. குறைந்த சம்பளத்துக்கு நிற்கும் இருபது வயதுப் பையனை மட்டும் குற்றவாளியாக்குவது அநியாயம். அவனுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. முன்பு விற்றவரும் திருத்தியவரும் ஒரே ஆளாக இருந்தார். தான் விற்ற வண்டி உடைந்து தன் வாசலுக்கே திரும்பி வரும் என்பது அவருக்குத் தெரியும். இன்று குளிர்சாதனப் பெட்டியோடும் சலவை இயந்திரத்தோடும் ஒரே தளத்தில் சைக்கிளும் தவணைக்கு விற்கப்படுகிறது. அதைப் பிறகு திருத்தும் பாஸ் வேறு தெருவில், ஒரு தகரக் கொட்டிலின் கீழ் இருக்கிறார். அறிவெல்லாம் அவரிடம், அதைக் கேட்கும் தருணத்தில் காசு ஏற்கெனவே கைமாறிவிட்டது. விலையை மட்டும் கேட்கிறார்கள் என்பதும் அதனால்தான்: விலைச்சீட்டைத் தவிர ஒப்பிட வேறெதுவும் அவர்கள் முன்னால் வைக்கப்படவில்லை. இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: எந்த வீடியோவும் கேபிளை இறுக்கித் தராது.

ஜெர்மனியில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் திருத்தும் தொழிலுக்கு மூன்றரை ஆண்டுப் பயிலுநர் பயிற்சி உண்டு. அவ்வளவு தூரம் போக நம்மால் இப்போது முடியாது. ஆனால் அனுபவத்தால் தொழில் கற்றவரின் திறமையை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு இந்த நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபை போன்ற நிறுவனங்கள் சைக்கிள் பாஸ்மாரைத் தேடிப் போய் அந்த வழியில் சேர்த்துக்கொள்ளலாம். சைக்கிள் விற்கும் பெரிய காட்சியறைகள் அப்படிச் சான்று பெற்ற ஒருவரை வாரத்தில் இரண்டு நாளாவது அமர்த்தி, அவர் கைபட்ட வண்டியை மட்டுமே வெளியே விடலாம். அதற்கான கூலியை விலையில் மறைக்காமல் தனியாகக் கேட்கட்டும். எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தால் மக்கள் கொடுப்பார்கள். மோட்டார் பூட்டிய சைக்கிள்கள் கூடிவரும் நேரத்தில் இது இன்னும் அவசரம். எடையும் வேகமும் கூடினால் பிரேக்கின் வேலையும் கூடும்.

சட்டமும் வாங்குபவர் பக்கம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்கப்பட வேண்டும் என்பதையும் அது வியாபாரியின் பொறுப்பாக்குகிறது. உத்தரவாதத்துக்கு மாறான பொருள் பற்றி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தும் விசாரிக்கலாம். ஆனால் வாய்ச்சொல்லால் சொன்ன ஆலோசனையை யாரால் நிரூபிக்க முடியும்? அதனால் அதிகார சபை சைக்கிள் வியாபாரத்துக்கென்று ஒரு பணிப்புரை விடுக்க வேண்டும். பற்றுச்சீட்டில் வண்டியின் அளவு, முன் பின் பல் எண்ணிக்கை, பிரேக் வகை, ரிம் எந்த உலோகம், பூட்டியவர் யார் என்பன வாங்குபவரின் மொழியில் எழுதிக் கையொப்பமிடப்பட வேண்டும். புதுக் கேபிள் முதல் சில வாரங்களில் தளர்ந்துவிடுவதால், ஒரு மாதத்துக்குள் வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி இலவசமாக இறுக்கிக் கொடுக்கும் திகதியும் அதே சீட்டில் இருக்க வேண்டும்.